மலையும் புத்தகமும் கடனாளி ஆக்குமா?

சேலம் சிவதாபுரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 34. தனியார் மருத்துவமனை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிகிறார். கைக்கு வரும் சம்பளம் 28,500 ரூபாய். கணவர் வீட்டோடு சேர்ந்த சிறிய கொலுசுப் பட்டறை நடத்துகிறார். அவர் வருமானம் ஆடியில் 7,000 ரூபாய்க்கு இறங்கும், தீபாவளிக்கு முன்பு 30,000 வரை ஏறும். சராசரியாக மாதம் 18,000 என்று கொள்ளலாம். எட்டு வயதில் ஒரு மகள். வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை எல்லாம் சேர்த்து வீட்டுச் செலவு 33,000. மாதம் 5,000 வீதம் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டில் 20 தவணைகளில் 11 கட்டியாகிவிட்டது. கிரெடிட் கார்டில் 41,000 ரூபாய் பாக்கி நிற்கிறது. "வாசிப்பதும் மலை ஏறுவதும்தான் எனக்கென்று இருக்கிற இரண்டு சந்தோஷங்கள். இரண்டுமே பணத்தைத் தின்கின்றன என்று வீட்டில் சொல்கிறார்கள். என்றாவது ஒருநாள் இமயமலையில் நடக்க வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. இரண்டையும் விட்டுவிட்டால் கடன் தீருமா?" என்பது அவருடைய கேள்வி. மூன்று மாதச் செலவுக் கணக்கையும் கார்டு அறிக்கையின் நகலையும் கடிதத்தோடு இணைத்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிறர் வீட்டு வரவு செலவுகளைப் பார்த்து ஆலோசனை சொல்வதே என் தொழிலாக இருக்கிறது. கேள்வியோடு சேர்த்துக் கணக்கையும் அனுப்புகிறவர்கள் அரிது. அதிலும் எதையும் மறைக்காமல், கூடாரத்தின் விலை வரைக்கும் எழுதி அனுப்புகிறவர்கள் மிக அரிது. அந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். விட வேண்டியது எதுவென்று அதிலேயே தெளிவாக இருக்கிறது. அது வாசிப்பும் இல்லை, மலையும் இல்லை.

மூன்று மாதங்களில் இந்த இரண்டு விருப்பங்களுக்காகவும் 28,710 ரூபாய் செலவாகியிருக்கிறது. அதில் புத்தகங்களுக்கு 5,850. வாங்கியவை 14, படித்து முடித்தவை 3 என்று நீங்களே குறித்திருக்கிறீர்கள். அந்த மூன்றின் விலை 1,150. மலைக்கான பொருள்களுக்கு 22,400: அறுபது லிட்டர் முதுகுப்பை 6,200, கூடாரம் 7,500, கடுங்குளிருக்கான மேற்சட்டை 4,900, காலணி 3,800. இந்த மூன்று மாதத்தில் நீங்கள் மலைக்குப் போனது இரண்டே முறை, பேருந்துக்கும் தேநீருக்கும் ஆனது 460 ரூபாய். ஆக, உண்மையாகவே வாசித்ததற்கும் நடந்ததற்கும் ஆன செலவு, காலணியைச் சேர்த்தாலும் 5,410 ரூபாய்தான். மீதி 23,300 ரூபாய் அலமாரியிலும் பரணிலும் இருக்கிறது. உங்கள் கார்டு பாக்கியில் பாதிக்கும் மேலான தொகை அது.

இது எப்படி நேர்கிறது என்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். காலை ஏழரைக்குக் கிளம்பி மாலை ஆறரைக்குத் திரும்பி, அதன் பிறகு சமையலும் குழந்தையின் வீட்டுப்பாடமும் என்று ஓடுகிற ஒருவருக்கு வாசிக்க நேரம் கிடைப்பதில்லை. மலைக்குப் போகும் ஞாயிறும் கிடைப்பதில்லை. ஆனால் இரவு பத்தரை மணிக்குக் கைப்பேசியில் ஒரு புத்தகத்தை வாங்க இரண்டு நிமிடம் போதும், ஒரு முதுகுப்பையை வாங்க ஐந்து நிமிடம் போதும். வாங்கிய அந்த நேரத்தில் வாசித்துவிட்டது போலவும் ஏறிவிட்டது போலவும் மனம் நிறைகிறது. கிடைக்காத நேரத்துக்கு ஈடாகப் பொருள்களை வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதே என் கணிப்பு. இதை உங்கள் குறையாக நான் சொல்லவில்லை. ஆனால் இதைப் புரிந்துகொள்ளாமல் இரண்டு சந்தோஷங்களையும் துறந்துவிட்டால், வாங்கும் பழக்கம் வேறொரு பொருளின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். கடன் அப்படியே இருக்கும்.

முதலில் கடனைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அது ஒவ்வொரு நாளும் வளர்கிறது. நீங்கள் அனுப்பிய அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், கீழே பொடி எழுத்தில், நிலுவைத் தொகைக்கு மாதம் 3.5 சதவீத வட்டி என்று போட்டிருக்கிறது. 41,000 ரூபாய்க்கு அது 1,435 ரூபாய். அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 258 ரூபாய். இரண்டும் சேர்ந்து 1,693. நீங்கள் மாதந்தோறும் தவறாமல் கட்டி வருவதாகச் சொல்லும் குறைந்தபட்சத் தொகை 2,050 ரூபாய். அதாவது நீங்கள் கட்டும் பணத்தில் அசலுக்குப் போவது 357 ரூபாய் மட்டும். தவணை தவறாமல் கட்டுகிறேன், பிறகும் ஏன் குறையவில்லை என்று கேட்டிருந்தீர்கள், காரணம் இதுதான். வரியையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 சதவீத வட்டி.

இன்னொன்றும் அந்தப் பொடி எழுத்தில் இருக்கிறது. முழுப் பாக்கியையும் கட்டாதவருக்கு, புதிதாக வாங்கும் பொருள்களுக்கு வட்டியில்லாக் காலம் என்பதே கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். புத்தகத் திருவிழாவில் 10 சதவீதத் தள்ளுபடி கிடைத்தது என்பதற்காகக் கார்டைத் தேய்த்து ஐந்து புத்தகங்கள் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். வரியோடு சேர்ந்து மாதம் 4.13 சதவீதம் என்றால், அந்தத் தள்ளுபடியை வட்டி மூன்று மாதத்துக்குள் விழுங்கிவிடும். அதற்குப் பிறகு அலமாரியில் படிக்காமல் இருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தப் புத்தகத்தின் விலை ஏறிக்கொண்டே போகிறது. முந்நூறு பக்க நாவலை ஒரு வரி விடாமல் படிக்கிற உங்களுக்கு, அந்த இரண்டு பக்க அறிக்கையைப் படிப்பது கடினமான வேலை அல்ல. இனி ஒவ்வொரு மாதமும் அது வந்த அன்றே, கையில் பென்சிலோடு, கடைசி வரி வரை படித்துவிடுங்கள்.

தீர்வு உங்கள் கடிதத்திலேயே ஓரமாக இருக்கிறது: இரண்டு சவரன் சங்கிலி ஒன்று பீரோவில் சும்மா இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஒரு வங்கியில் வைத்து 41,000 ரூபாய் நகைக்கடன் எடுத்து, கார்டு பாக்கியை ஒரே நாளில் முழுமையாக அடைத்துவிடுங்கள். ஆண்டுக்கு 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் முதல் மாத வட்டி 342 ரூபாய். இப்போது போகும் 1,693-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். மாதம் 4,500 வீதம் கட்டினால் பத்து மாதத்துக்குள் சங்கிலி வீட்டுக்கு வந்துவிடும். நகையை அடகு வைப்பது நம் ஊரில் மானக் குறைவாகப் பார்க்கப்படுகிறது என்பது எனக்குத் தெரியும். உங்கள் மாமியார் வருத்தப்படக்கூடும் என்பதையும் உணர்கிறேன். ஆனால் இப்போதே உங்கள் சம்பளத்தின் ஒரு பகுதி யார் கண்ணுக்கும் தெரியாமல் அடகில்தான் இருக்கிறது, அதுவும் ஐந்து மடங்கு வட்டிக்கு. தெருமுனை அடகுக் கடைக்குப் போக வேண்டாம். வங்கியிலேயே வையுங்கள், இடையிடையே அசலில் கட்ட அனுமதிக்கும் கடனா என்று கேட்டுக்கொண்டு வையுங்கள். கார்டை ஓர் உறைக்குள் போட்டு, அந்தப் பத்து மாதமும் சங்கிலி இருந்த இடத்தில் வைத்துவிடுங்கள்.

அடுத்தது கணவரின் வருமானம். ஒரு மாதம் 30,000, ஒரு மாதம் 7,000 என்று வருகிற வீட்டில், 30,000 வருகிற மாதத்தை வைத்து மனம் திட்டம் போட்டுவிடும்; ஆடி வந்ததும் கார்டைத் தேடும். உங்கள் கார்டு பாக்கி முதன்முதலில் தொடங்கியதும் சென்ற ஆடியில்தான் என்பதை அறிக்கையில் பார்த்தேன். இதற்கு நான் சொல்லும் வழி எளிமையானது. பட்டறை வருமானம் அத்தனையும் ஒரு தனி வங்கிக் கணக்கில் விழட்டும். அதிலிருந்து மாதம் 16,000 ரூபாயை மட்டும், பட்டறை தனக்குத் தரும் சம்பளமாக எண்ணி, ஒன்றாம் தேதி அவர் எடுத்துக்கொள்ளட்டும். புரட்டாசியிலும் ஐப்பசியிலும் மிஞ்சுவது ஆடிக்கும் மார்கழிக்கும் நிற்கும். ஆண்டு முடிவில் 24,000 ரூபாய் வரை அந்தக் கணக்கில் தேங்கவும் கூடும். தொடக்கத்துக்கு மட்டும் ஒரு நல்ல மாதத்திலிருந்து ஆரம்பியுங்கள்; ஆடியில் ஆரம்பித்தால் முதல் மாதமே முறிந்துவிடும்.

அப்படிப் பார்த்தால் உங்கள் வீட்டின் நிலையான வரவு 44,500. வீட்டுச் செலவு 33,000, சீட்டு 5,000, நகைக்கடன் 4,500 போக 2,000 மிஞ்சும். அதில் 1,000 ரூபாய் உங்கள் புத்தகத்துக்கும் மலைக்கும். மீதி 1,000 கணவரும் மகளும் விரும்பியபடி செலவிட. குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் விருப்பச் செலவு இருந்தால், எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அது மற்றவர் கண்ணில் பெரிதாகத் தெரியும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளந்துவிட்ட பிறகு அந்த 1,000 ரூபாய்க்கு நீங்கள் யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

சீட்டை முடியும் வரை கட்டுங்கள், அவசரப்பட்டுத் தொகையைக் குறைத்து ஏலம் கேட்டு முன்கூட்டியே எடுக்க வேண்டாம். ஒன்பது மாதத்தில் வரும் தொகையை அப்படியே வங்கியில் வைப்பாக வையுங்கள். ஏறக்குறைய மூன்று மாத வீட்டுச் செலவு அது, உங்கள் வீட்டின் அவசரகால நிதி அதுவே. ஒரு வங்கியில் ஒருவருடைய வைப்புகளுக்கு 5 லட்ச ரூபாய் வரை காப்பு உண்டு. ஆனால் தெரிந்தவர் நடத்தும் பதிவில்லாச் சீட்டு என்று எழுதியிருப்பது எனக்குக் கவலை தருகிறது. அடுத்த முறை சேருவதானால், 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவு செய்த சீட்டில் மட்டும் சேருங்கள்.

உங்கள் மகளுக்கு இப்போது எட்டு வயது. பத்து வயது நிறைவதற்குள் தொடங்கினால் மட்டுமே கிடைக்கும் ஒன்று உண்டு: அஞ்சலகத்தின் செல்வமகள் சேமிப்புக் கணக்கு. ஆண்டுக்கு 250 ரூபாய் கட்டினாலே கணக்கு உயிரோடு இருக்கும். 2024 ஜனவரியில் அதன் வட்டி 8.2 சதவீதமாக உயர்த்தப்பட்டது, காலாண்டுக்கு ஒருமுறை அரசு அதை அறிவிக்கிறது. இந்த வாரமே 250 ரூபாயோடு தொடங்கிவிடுங்கள். கடன் தீர்ந்த பிறகு தொகையைக் கூட்டிக்கொள்ளலாம். அதே போல, ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடும், 436 ரூபாயில் 2 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடும் தருகிற பிரதமரின் இரண்டு திட்டங்களிலும் உங்கள் வங்கிக் கிளையில் நீங்கள் இருவரும் சேர்ந்துவிடுங்கள். தீயும் புகையுமாகப் பட்டறையில் வேலை செய்கிறவர் அவர், மலை ஏறுகிறவர் நீங்கள். பெரிய தொகைக்குத் தனியார் விபத்துக் காப்பீடு எடுப்பதாக இருந்தால், அதில் விலக்குகள் என்ற பகுதியைப் படியுங்கள். சாகச விளையாட்டுகளால் நேரும் விபத்துக்கு இழப்பீடு இல்லை என்று பல பத்திரங்களில் இருக்கும். எனக்கு வேலை கிடைத்த புதிதில் ஒரு காப்பீட்டுப் பத்திரத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். ஏழு ஆண்டுகள் கட்டிய பிறகுதான் அதில் காப்பும் போதாது, சேமிப்பும் வளரவில்லை என்று தெரிந்தது. அந்த வயதில் நான் வாரம் ஒரு நாவல் படித்துக்கொண்டிருந்தவன்.

இனி வாசிப்புக்கு வருகிறேன். உங்களிடம் படிக்காத புத்தகம் இந்த மூன்று மாதக் கணக்கில் மட்டும் பதினொன்று இருக்கிறது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகங்களுக்கென்று ஐந்து விதிகளை வகுத்தார். அவற்றில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டிற்கே என்பது. நூல்களைப் பூட்டிப் பாதுகாப்பதே நூலகத்தின் வேலை என்றிருந்த காலத்தில் அவர் அதைச் சொன்னார். வீட்டு அலமாரிக்கும் அந்த விதி அப்படியே பொருந்தும். அவருடைய இயக்கத்தின் பயனாக, விடுதலைக்குப் பிறகு நாட்டிலேயே முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் 1948-இல் இங்கே வந்தது. இன்றும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. நீங்கள் வாடகை வீட்டில் இருந்தாலும் அந்த வரி வீட்டுக்காரர் வழியாக உங்கள் வாடகைக்குள் இருக்கிறது. பணம் கட்டிவிட்ட ஒரு வசதியை நீங்கள் பயன்படுத்தாமல் இருக்கிறீர்கள். சிறிய வைப்புத் தொகையும் ஆண்டுச் சந்தாவும் கட்டினால் மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகிவிடலாம்.

நூலகப் புத்தகத்துக்கு, விலையைக் காட்டிலும் முக்கியமான ஒரு குணம் உண்டு: அதில் திருப்பித் தர வேண்டிய தேதி இருக்கிறது. சொந்தப் புத்தகம் பத்து ஆண்டுகள் காத்திருக்கும், நாமும் காத்திருக்க வைப்போம். தேதி போட்ட புத்தகம் மேசை மேல் இருக்கும்போது கை தானாக அதைத் தேடும். ஆனால் அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். வீட்டில் இருக்கும் அந்தப் பதினொன்றையும் இறக்கி வைத்து, முதல் இருபது பக்கம் படியுங்கள். பிடிக்காததைப் பிடிக்கும் ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். ஐந்தாறு நிச்சயம் மிஞ்சும். அவற்றைப் படித்து முடிக்கும் வரை புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம். அதன் பிறகு மாதம் ஒரு புத்தகம் விலை கொடுத்து வாங்குங்கள். எழுதுகிறவர்களும் பதிப்பிக்கிறவர்களும் நம்மை நம்பித்தான் இருக்கிறார்கள், முழுக்க முழுக்க இரவலில் வாழச் சொல்லி நான் ஒருபோதும் ஆலோசனை தர மாட்டேன்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். சிவதாபுரத்திலிருந்து ஐந்து ரோட்டுக்கு நகரப் பேருந்தில் போக வர ஒன்றேகால் மணி நேரம், அது கைப்பேசியில் போய்விடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கூட்டத்தில் நின்றுகொண்டு போகும் நாள்களைக் கழித்துவிட்டாலும், நாளுக்கு 30 பக்கம் என்று மாதம் 24 வேலை நாளில் 700 பக்கத்துக்கு மேல் வருகிறது. நடுத்தர அளவில் மூன்று புத்தகங்கள்.

மலையைப் பற்றிப் பேசும்போது ஆலோசகன் என்ற இடத்திலிருந்து கொஞ்சம் விலகிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சேலத்தில் இருப்பவர்களுக்கு வாய்த்திருக்கும் செல்வம் வேறு பல ஊர்களுக்கு இல்லை. உங்கள் தெருவிலிருந்தே கஞ்சமலை தெரியும். அந்தப் பக்கம் சேர்வராயன் மலை சுவர் போல நிற்கிறது. நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்க, ஏற்காடு 1,515 மீட்டரிலும் சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,623 மீட்டரிலும் இருக்கின்றன. ஒரு பேருந்துச் சீட்டில், இருபது கொண்டை ஊசி வளைவுகளில், ஏறத்தாழ எட்டு டிகிரி குளிர்ச்சிக்குள் போய்விடுகிறோம். முதல் வளைவுகளில் வெயில் காய்ந்த முட்புதர். பாதி தாண்டியதும் பேருந்தின் சன்னல் கம்பி கைக்குச் சில்லென்று படும். மேலே போனால் சவுக்கு மரங்களைப் போல உயர்ந்த சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடிகள், அந்த மரங்களிலேயே ஏறிப் படர்ந்த மிளகுக் கொடிகள். 1820-களில் சேலத்தின் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைப் பயிரிடச் செய்தார். அவர் வருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே மலையாளிப் பழங்குடி மக்கள் இந்த மலையில் ஊர் கட்டி வாழ்கிறார்கள். சேர்வராயனும் காவேரி அம்மனும் குகைக்குள் இருக்கும் அந்தக் கோயில் அவர்களுடையது, மே மாதத் திருவிழாவுக்கு மலையின் எல்லா ஊர்களிலிருந்தும் வந்து கூடுவார்கள். போகும் இடத்தைப் பற்றி ஒரு வாரம் வாசித்துவிட்டுப் போய்ப் பாருங்கள், அதே பாதை வேறாகத் தெரியும். உங்கள் இரண்டு விருப்பங்களும் ஒன்றையொன்று வளர்க்கக்கூடியவை.

இந்த மலையில் நடப்பதற்கு உங்கள் பரணில் இருக்கும் பொருள்களில் காலணி மட்டும் வேண்டும். அதையும் வீட்டிலிருந்து கடைக்கு, பேருந்து நிறுத்தத்துக்கு என்று ஒரு மாதம் போட்டுப் பழக்குங்கள். புதுக் காலணியோடு ஏறினால் குதிகாலில் கொப்புளம் வரும். கூடாரத்தையும் பெரிய பையையும் குளிர்ச் சட்டையையும் விலைச் சீட்டு கிழிபடாமல் இருக்கும்போதே விற்றுவிடுங்கள். பாதி விலை கிடைத்தாலும் 9,300 ரூபாய். அது நகைக்கடனில் இரண்டு தவணை. இமயமலைக்குப் போகும் நாள் வந்தால் அவற்றை வாடகைக்கு எடுக்கலாம், அந்த ஊர்களில் அதற்கென்றே கடைகள் இருக்கின்றன.

பணத்தில் காட்டச் சொல்லும் கவனத்தை மலையிலும் கேட்கிறேன். தனியாகப் போனதாக எழுதியிருந்தீர்கள், குறுக்குப் பாதை ஒன்றில் காட்டுக்குள் இறங்கியதாகவும் எழுதியிருந்தீர்கள். இரண்டாவதை மறுபடி செய்ய வேண்டாம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். அது மட்டுமே காரணமும் இல்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய தீயில் மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை மாநிலம் முழுவதும் 40 மலையேற்றப் பாதைகளை இணையத்தில் முன்பதிவு செய்யும்படி திறந்தது. சேலம் மாவட்டப் பாதைகளும் அதில் இருக்கின்றன. மலையில் பிறந்து வளர்ந்தவர்களே பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக உடன் வருகிறார்கள். கட்டணம் உங்கள் மாதாந்திர 1,000 ரூபாய்க்குள் அடங்காவிட்டால் இரண்டு மாதம் சேர்த்து வைத்துப் போங்கள். கோடையில், தீ பிடிக்கும் பருவத்தில், மூடிவிடுவார்கள். அதை மீற வழி தேடாதீர்கள். மழைக்காலத்திலும் செய்தி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றுபோனது உங்களுக்கு நினைவிருக்கும்.

என் இருபத்தாறாவது வயதில், மாலை நான்கு மணிக்குத் தேநீர் குடித்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்று நாகலூர்ப் பக்கம் ஒரு தோட்டப் பாதையில் தனியாக நடந்தேன். ஐந்தரைக்கு மூடுபனி இறங்கியது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை, கையில் விளக்கு இல்லை. வளைவைத் தாண்டியதும் காப்பிச் செடிகளுக்கு மேலே, என் நெஞ்சு உயரத்தில், கறுத்த முதுகு ஒன்று நின்றது. முதலில் கண்ணில் பட்டது அதன் கால்கள்தான். முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டது போன்ற நிறம். காட்டெருமை. அது மூச்சை ஊதும் ஓசை கேட்டது, ஈரச் சாணத்தின் வாடை வந்தது. ஓடாமல், முகத்தைத் திருப்பாமல், ஒவ்வோர் அடியாகப் பின்னால் எடுத்து வைத்தேன். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளை அடைந்தபோது ஓர் அம்மா அடுப்பிலிருந்து எழுந்து வந்து, "இந்த நேரத்துல யாருமே இந்தப் பாதையில வர மாட்டோம் சாமி" என்றார். அங்கேயே வாழ்கிறவர்கள் ஒதுக்கிவைத்த நேரத்தில் நான் போயிருந்தேன். அன்றிலிருந்து பகல் மூன்று மணிக்கு மேல் எங்கே இருந்தாலும் திரும்பி நடக்கத் தொடங்கிவிடுவேன். யாரிடமாவது போகும் பாதையைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். தோட்டங்கள் தனியார் நிலங்கள் என்பதால் காவலாளியிடம் கேட்டுக்கொண்டே நுழைவேன்.

இமயமலை ஆசையைக் கைவிட வேண்டாம். நீங்கள் குறிப்பிட்ட பயணத்துக்கு ரயில் செலவோடு 38,000 ரூபாய் ஆகும் என்று எழுதியிருக்கிறீர்கள். பத்து மாதத்தில் நகைக்கடனும் சீட்டும் முடிந்துவிடும். மாதம் 9,500 ரூபாய் விடுபடும். அதில் 1,500 ரூபாயை மட்டும் இந்தப் பயணத்துக்கென்று தொடர் வைப்பில் போடுங்கள். அஞ்சலகத்தில் வேண்டாம், அதன் காலம் ஐந்து ஆண்டு. வங்கியில் இரண்டு ஆண்டுக்கு என்று கேட்டால் தருவார்கள். அசல் 36,000 ஆகும்போது வட்டி மீதியை நிரப்பிவிடும். மீதி 8,000-ஐ அவசரகால நிதிக்கும் செல்வமகள் கணக்குக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். ஆக, இன்றிலிருந்து மூன்று ஆண்டுக்குள், ஒரு ரூபாய் கடன் இல்லாமல் நீங்கள் அங்கே நடக்கலாம். அந்த மூன்று ஆண்டும் உடம்பைத் தயார் செய்யச் சேர்வராயன் மலை போதும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: 2,500 மீட்டருக்கு மேல் காற்று மெலிவதால் வரும் தலைவலிக்கும் குமட்டலுக்கும் இங்கே எவ்வளவு நடந்தாலும் பழக்கம் வராது. ஒரே மூச்சில் உயரத்துக்குக் கூட்டிப் போகாமல், இடையில் தங்கிப் பழக நாள் ஒதுக்குகிற பயணத்தையே தேர்ந்தெடுங்கள், அது சற்று விலை கூடியதாக இருந்தாலும்.

கணவர், "அது சின்னப் பசங்க பண்ற வேலை" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவரிடம் வாதாட வேண்டாம். நாள் முழுதும் குனிந்து உட்கார்ந்து பற்றவைப்புத் தீயின் முன்னால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேலை செய்கிறவர் அவர். ஆடியில் பட்டறையில் வேலை குறைவு, வருமானம் குறைவு, ஆனால் ஆண்டிலேயே அதிக நேரம் கிடைப்பதும் அந்த மாதத்தில்தான். ஆடியில் ஒரு ஞாயிறு மூவருமாகக் கிளம்புங்கள். காலை முதல் பேருந்து. பையில் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், புளிச்சோறு, மகளுக்கு ஒரு மழைச்சட்டை, உங்களுக்கு நூலகப் புத்தகம் ஒன்று. ஏற்காட்டு ஏரியிலிருந்து பகோடா பாயிண்ட் என்ற காட்சிமுனைக்கு நடந்தே போங்கள். எட்டு வயதுக் குழந்தை வழியில் பத்து இடத்தில் நிற்கும், நிற்கட்டும். அங்கே பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அவர்கள் இருவரும் கல் கோபுரங்களைச் சுற்றி வரும் நேரத்தில் நீங்கள் இருபது பக்கம் படிக்கலாம். மூன்று மணிக்குத் திரும்பிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அன்றைய செலவை மகளின் கையால் ஒரு தாளில் எழுதச் சொல்லி, அதைக் கணவரிடம் காட்டுங்கள். அடுத்த கார்டு அறிக்கை, பாக்கி இல்லை என்று வந்த பிறகு, அந்தத் தாளின் நகலையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.